வழியில் இருந்த நாற்காலி

1

என் மனைவி மாலதியின் மூன்றாம் ஆண்டுத் திதி இந்த மாதம் வருகிறது. கும்பகோணத்துப் பஞ்சாங்கம் ஒரு தேதியைச் சொல்கிறது. ஆக்லாந்து நேரத்துக்குக் கணக்கிட்டால் சில ஆண்டுகளில் வேறு தேதி வந்துவிடுகிறது. இரண்டையும் நாட்குறிப்பில் எழுதி, இரண்டு நாளும் விளக்கேற்றிவிடுகிறேன். எது சரி என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட அது எளிதாக இருக்கிறது.

திதிக்கு இரண்டு வாரம் முன்னால் சுகந்தி தொலைபேசியில் அழைத்தார். சுகந்தி யாழ்ப்பாணத்துக்காரர். ஆக்லாந்தில் தமிழர் வீட்டு விசேஷம் எதுவானாலும் காமிராவுடன் நிற்பவர். மாலதியின் இறுதிச் சடங்கைப் படம் எடுத்தவரும் அவர்தான்.

"கணேசண்ணை, ஒண்டு கேக்கவேணும். மறுக்கிறதெண்டால் நேர மறுத்துப்போடுங்கோ. சுத்தி வளைக்காதேங்கோ."

"சொல்லுங்க."

"என்ர பேச்சில மாலதியின்ர வீடியோ கொஞ்சம் காட்டட்டோ? கடைசிப் பக்கம் கயல் வாற இடம். நாலு நிமிசம்தான். நான் எடுத்ததில அதுதான் எனக்குத் திறம்."

கயல் எங்கள் ஒரே மகள். அம்மா போனபோது பதின்மூன்று வயது, இப்போது பதினாறு. இந்த மூன்று ஆண்டில் அவளும் நானும் மாலதியைப் பற்றி உட்கார்ந்து பேசியதே இல்லை. பாடம், பேருந்து அட்டை, பல் மருத்துவர், இரவுக்கு என்ன சமையல் என்பதோடு நின்றுவிடுவோம். ஒரு மண்டபம் நிறைய ஆட்களுக்கு நடுவில் அந்தப் படத்தைப் போட்டால், கொஞ்சநஞ்சம் திறந்திருக்கும் கதவையும் அவள் சாத்திக்கொள்வாளோ என்று பயந்தேன்.

"கயலைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.

"கேளுங்கோ. அவள் வேண்டாமெண்டால் வேற ஒருத்தற்றையும் காட்டமாட்டன். சும்மா கதைச்சுப்போட்டு இறங்கிடுவன்."

2

அந்தப் பேச்சைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

ஆக்லாந்தின் தென்பகுதியில் ஒடாஹுஹுவில் ஒரு சிறிய சமூக மண்டபத்தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் வாடகைக்கு எடுக்கிறோம். இந்த ஊரில் ஏதாவது ஒன்றை உருவாக்குபவர் ஒருவர் வந்து, அதை எப்படிச் செய்கிறார், எங்கே இடறினார் என்று இருபது நிமிடம் பேசுவார். பிறகு கேள்விகள், வடை, தேநீர். இதுவரை கணினி விளையாட்டுக்கு உருவங்கள் வரையும் கோயம்புத்தூர் இளைஞர் பேசியிருக்கிறார். பள்ளி நாடகங்களுக்கு மேடை அமைக்கும் மலேசியத் தமிழ்ப் பெண்மணி பேசியிருக்கிறார். அதே தெருவில் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதும் சமோவாக்காரர் ஆங்கிலத்தில் பேச, ஒருவர் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார்.

நூலகங்களில் வெள்ளைக்காரர்கள் இப்படிக் காபிக் கோப்பையோடு கூடுவதைப் பார்த்துத்தான் தொடங்கினோம். முதல் கூட்டத்தில் நம் வழக்கம் மாறவில்லை. குத்துவிளக்கு, வரவேற்புரை, ஐந்து பேர் வாழ்த்துரை, எல்லோருக்கும் பொன்னாடை. பேச வந்தவருக்குக் கடைசியில் எட்டு நிமிடம் கிடைத்தது. மறுமாதத்திலிருந்து இவை எதுவும் கிடையாது என்று விதி எழுதி ஒட்டினேன். இன்றுவரை அதில் வருத்தப்படுகிறவர்கள் உண்டு.

என்னோடு சேர்ந்து இதை நடத்துபவர் சேகர். மதுரைக்காரர், கணினித் துறை. சுகந்தியை அழைப்பதில் அவருக்கு மகிழ்ச்சிதான். எதைப் பற்றிப் பேசப் போகிறார் என்று தெரிந்ததும் முகம் மாறியது. மூவரும் மண்டபத்துச் சமையலறையில் நின்று பேசிக்கொண்டோம்.

"சாவு வீட்டு வீடியோவா? குழந்தைங்களைக் கூட்டிட்டு வர்றாங்க மேடம். கல்யாண வீடியோ பத்திப் பேசுங்களேன்."

"கலியாணத்தில என்ன கலை கிடக்கு தம்பி? எல்லாரும் கமராவப் பாத்துச் சிரிக்கினம். செத்தவீட்டில ஒருத்தரும் கமராவப் பாக்கிறேல்ல. அங்கதான் எனக்கு வேலை."

"காலங்காத்தால மங்களகரமா ஏதாவது..."

"பக்கத்துக் கடை இறைச்சிக்கடை. எதிர்ப்பக்கம் குதிரைப் பந்தயத்துக்குக் காசு கட்டுற இடம். இதுக்குள்ள எங்கயடாப்பா மங்களம்?"

சேகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சொன்னார்: "உங்க ஊர்ல பழக்கம் இருக்கலாம். எங்க பக்கம் சாவு வீட்டுல எவனாவது காமிராவைத் தூக்கினா அடிக்க வருவாங்க."

"உங்கட ஆக்களின்ர செத்தவீட்டுக்கும் நான்தான் போறனான். ஒருத்தரும் அடிக்கேல்ல. முடிஞ்சாப் பிறகு லிங்க் எப்ப வரும் எண்டு கேட்டு நாளுக்குப் பத்து மெசேஜ்."

அது உண்மை. இங்கு வந்த புதிதில் எனக்கும் அது விசித்திரமாகத்தான் பட்டது. ஈழத்துக் குடும்பங்களில் ஒரு பிள்ளை டொராண்டோவில், ஒருவர் பாரிஸில், ஒருவர் இங்கே. சண்டைக் காலத்தில் தகப்பன் செத்ததைப் பல மாதம் கழித்துக் கேள்விப்பட்டவர்கள் அவர்கள். யார் செத்தாலும் யாரோ ஒருவர் வர முடியாமல் இருப்பார் என்பதை எங்களுக்கு வெகு காலம் முன்பே அவர்கள் தெரிந்துகொண்டார்கள். நாங்கள் விசாவோடும் வேலையோடும் வந்தவர்கள். அவசரமென்றால் விமானம் ஏறிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

3

மாலதி இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை பிற்பகலுக்குத் தகனக்கூடத்தில் இடம் கிடைத்தது.

அவளுக்கு ஒரே அக்கா. வசந்தா, கும்பகோணத்தில் இருக்கிறார். பெற்றோர் முன்பே போய்விட்டதால் பிறந்த வீடு என்று மாலதிக்கு எஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான். மருத்துவமனையில் நிலைமை மோசமானபோதே அக்காவுக்கு விசா போட்டோம். கேள்விகள் வந்தன. மாலதியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கணேசன், அதாவது என் பெயர். அக்காவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் அவருடைய கணவரின் பெயர். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒரு அதிகாரிக்கு இவர்கள் உடன்பிறந்தவர்கள் என்பதற்கு ஒரு எழுத்துகூடச் சாட்சி இல்லை. நம் ஊரில் பெண்ணின் பெயருக்குப் பின்னால் யார் பெயர் வரும், எப்போது மாறும் என்று விளக்கி ஒரு பக்கம் எழுதினேன். பள்ளிக்கூடச் சான்றிதழ்களைத் தேடி எடுத்து, மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி அனுப்பினோம். எல்லாம் முறைப்படி அனுப்பினேன். யாரும் தவறு செய்யவில்லை.

விசா வந்தபோது மாலதியின் சாம்பல் வீட்டு அலமாரியில் இருந்தது. அக்கா அந்த விசாவைப் பயன்படுத்தவே இல்லை.

அந்த மூன்று நாட்களில் நான் செய்தவற்றுக்கு நாட்குறிப்பில் வரிசை இருக்கிறது. அலுவலகங்கள், கையெழுத்துகள், பூ, ஐயர், வாகனம் நிறுத்துமிடம். உறவினர்களுக்குத் தகவல் சொல்வதைக் கயல் எடுத்துக்கொண்டாள். "அம்மா முடிஞ்சுட்டாங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். 'இறந்துட்டாங்க' என்ற சொல் அவளுக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை. திருத்த எனக்கு மனம் வரவில்லை. மறுமுனையில் யாரும் திருத்தவும் இல்லை.

நான் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பெரிய கிடங்கில் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். தரையில் மஞ்சள் கோடு போட்ட நடைபாதைகளில் ஒரு பெட்டிகூட நிற்காமல் பார்த்துக்கொள்வது என் வேலையில் பாதி. தீ என்று மணி அடித்தால் ஆட்கள் ஓட வழி வேண்டும். தகனக்கூடத்திலும் அந்த வெள்ளிக்கிழமை நான் வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்று நினைக்கிறேன். யார் எங்கே உட்கார வேண்டும், எந்தக் கதவு திறந்திருக்க வேண்டும், வாசலில் செருப்புக் குவியல் யார் காலையும் இடறக் கூடாது. அழுகை வரவில்லை. வருவதற்கு நேரம் இருக்கவில்லை என்பது சரியாக இருக்கும்.

படம் மறுவாரம் வந்தது. திறந்தேன். முன்வரிசைக்காரர்களின் முதுகு, புடவை மடிப்பு, பெஞ்சின் விளிம்பு, யாரோ ஒருவரின் கைப்பை. காமிரா மிகவும் தாழ்ந்திருந்தது. ஏதோ பிசகிவிட்டது என்று எண்ணி மூடிவிட்டேன். சுகந்தியிடம் எதுவும் சொல்லவில்லை. மறுபடி திறக்கவும் இல்லை.

4

வெஸ்ட்கேட்டில் ஒரு வேலை முடிந்து மாசி என்ற புறநகரில் உள்ள எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில், காரில் வைத்துக் கயலிடம் கேட்டேன். இந்த ஊர்ப் பிள்ளைகளோடு பேச வேண்டிய எதையும் காரில்தான் பேச முடிகிறது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, எழுந்து போகவும் முடியாது.

"சுகந்தி ஆன்ட்டி அம்மாவோட வீடியோல கொஞ்சம் காட்டலாமான்னு கேக்கறாங்க. நீ வர்ற இடம். உனக்குப் பிடிக்கலன்னா வேண்டாம்னு சொல்லிடலாம்."

கயல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீங்க பாத்திருக்கீங்களா?" என்றாள்.

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"ஆரம்பம். சரியா எடுக்கல போல. வெறும் முதுகா இருந்துது."

அவள் என் பக்கம் திரும்பினாள். ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்: அது சரியாகத்தான் எடுக்கப்பட்டிருக்கிறது, உங்களுக்குத்தான் தெரியவில்லை.

"நீ பாத்தியா?"

"எவ்ரி மந்த். பெரியம்மாகூட."

நான் வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் அறைக் கதவு சாத்தியிருக்கும். உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கும். பள்ளித் தோழிகள் என்று நினைத்திருந்தேன். அக்காவும் நானும் பேசுவது உண்டு. சாப்பிட்டீர்களா, மூட்டு வலி எப்படி, கயல் படிக்கிறாளா, மழையா. அவர் மாலதி பேரைச் சொன்னால் நான் சிலிண்டர் வந்துவிட்டதா என்று கேட்பேன். அதனால் அவர் என்னிடம் சொல்வதை விட்டிருக்க வேண்டும். கயலுக்குத் தமிழ் நழுவிப்போகிறது, வீடு நழுவிப்போகிறது என்று நான் நண்பர்களிடம் புலம்பிக்கொண்டிருந்த மூன்று ஆண்டும், அவள் மாதம் தவறாமல் கும்பகோணத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். நழுவிப்போனது யார் என்று அந்தச் சாலையில் யோசித்தேன்.

"அப்போ காட்டலாமா?" என்றேன்.

"முதல்ல நீங்க பாருங்க. ஃபுல்லா. எங்ககூட. அப்புறம் சொல்றேன்."

5

அவர்கள் பார்க்கும் முறை இது. இரு பக்கமும் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, போனில் பேசியபடி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லி ஒரே நேரத்தில் ஓடவிடுவார்கள். ஆனால் எப்போதும் அக்காவுடையது சற்று முந்திவிடும். அவருடைய பெருமூச்சு முதலில் கேட்கும். பிறகுதான் அதற்கான காட்சி நமக்கு வரும்.

ஞாயிறு மதியம் கயல் தன் கட்டிலில் எனக்கு இடம் ஒதுக்கினாள். போன் திரையில் அக்கா. அங்கே காலை நேரம், குளித்துவிட்டுத் தலையில் துண்டு கட்டியிருந்தார்.

"தம்பி, நீங்களுமா?"

"ஆமாக்கா."

"சரி" என்றார்.

படம் ஓடத் தொடங்கியது. அதே முதுகுகள், அதே புடவை மடிப்பு. "ஏன் இவ்வளவு கீழ வச்சிருக்காங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"நான் உக்காந்திருக்கேன்ல" என்றார் அக்கா.

எனக்குப் புரியவில்லை. கயல் படத்தை நிறுத்தினாள். அக்கா நிதானமாகச் சொன்னார்.

"முந்தின நாள் அந்தப் பொண்ணு சுகந்தி போன் பண்ணிச்சு. நீங்க வந்திருந்தா எங்க நிப்பீங்கன்னு கேட்டுச்சு. எனக்கு ஏது நிக்கிறது, முட்டி என்ன பாடு படுத்துதுன்னு உங்களுக்குத் தெரியும். ஒரு நாற்காலி போதும், ரெண்டாவது வரிசை ஓரமா, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமன்னு சொன்னேன். என்ன உயரம்னு கேட்டுச்சு. சொன்னேன். அந்த நாற்காலியிலதான் காமிராவை வச்சு, அப்பவே என் போனுக்கு நேரலையா அனுப்பிச்சு. அதை ஆட்டவே இல்ல. நான் தலையத் திருப்பாம உக்காந்திருந்தா என்ன தெரியுமோ அதான் தெரியுது."

வரிசை ஓரத்தில் ஒரு தனி நாற்காலி, அதில் ஒரு தலையணை, தலையணை மேல் சிறிய காமிரா. அது எனக்கு நினைவிருக்கிறது. சுகந்தி தன் சாமான்களை அங்கே வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். கூடத்தின் பின்பக்கம் முக்காலியில் இன்னொரு பெரிய காமிரா நின்றது. படம் எடுப்பது அதுதான் என்று எண்ணியிருந்தேன்.

மறுபடி ஓடவிட்டாள். சுகந்தி காதில் சொல்லியிருக்க வேண்டும், பெண்கள் ஒவ்வொருவராக அந்த நாற்காலி முன்னால் வந்து குனிந்தார்கள். கையைக் கூப்பினார்கள். மாலதியின் தோழி ஒருத்தி முழங்காலிட்டு, "அக்கா, கடைசி வரைக்கும் உங்களைத்தான் கேட்டா" என்றாள். அது எனக்குத் தெரியாது.

நடுநடுவே ஒரு வெள்ளைச் சட்டை குறுக்கே போயிற்று. இடுப்பிலிருந்து மார்பு வரை மட்டும் தெரிந்தது. மறுபடி போயிற்று.

"அதோ" என்றார் அக்கா. ஒரு விநாடி கழித்து எங்கள் திரையிலும் சட்டை வந்தது.

"போறாரு" என்றாள் கயல்.

"வருவாரு பாரு."

வந்தது. இருவருக்கும் அது பழைய விளையாட்டு என்று புரிந்தது. "தம்பி, உங்களுக்கு அன்னிக்குக் கால் வலிக்கலையா?" என்று அக்கா கேட்டார். கேலியும் அதில் இருந்தது, வேறொன்றும் இருந்தது. கயல் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நாங்க எப்பவும் வெயிட் பண்ணுவோம்பா. இந்த வாட்டியாவது வந்து உக்காருவீங்களான்னு."

எல்லோரும் அந்த நாற்காலியிடம் வந்துவிட்டார்கள். சட்டை மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

அப்போது அக்கா பேச்சை நிறுத்தினார். எங்கள் திரையில் என் முகம் வந்தது. மிக அருகில், நேராகப் பார்த்தபடி. கண்ணில் ஒன்றுமே இல்லை. "இது வழியில இருக்கு" என்று அந்த முகம் சொன்னது.

இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக ஓர் இடம் கேட்ட பெண்ணிடம், அவளுடைய ஒரே தங்கையின் சாவில், அந்த வீட்டு மாப்பிள்ளை நேருக்கு நேர் சொன்ன சொல் அது ஒன்றுதான். அங்கே கும்பகோணத்தில் அந்த நேரமே அவர் அதைக் கேட்டிருக்கிறார்.

எழுந்துவிடலாமா என்று இருந்தது. கயல் என் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

படம் மேலே எழும்பியது. முதுகுகள் கீழே போயின. சட்டைப் பொத்தான் ஒன்று திரையை நிறைத்தது. என் மூச்சுச் சத்தம் கேட்டது. கூடம் மெல்ல ஆடியபடி நகர்ந்தது, ஆட்கள் விலகினார்கள். வழிக்கு வெளியே, யார் காலும் இடறாத ஓர் இடத்தைத் தேடியிருக்கிறேன். அந்தக் கூடத்தில் அப்படி ஓர் இடம்தான் மிச்சம் இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில், தலைமாட்டில். நாற்காலி தரையில் மெதுவாக அமர்ந்தது. பெட்டிக்கு இணையாக இருக்கும்படி ஒரு கை அதைச் சற்றுத் திருப்பியது. சட்டை விலகியது.

மாலதியின் முகம் இருந்தது. நெற்றி, மூக்குத்தி, காதோரம் நரைத்த முடி. கையை நீட்டினால் தொடும் தூரம்.

பிறகு நான்தான் சொன்னேன். "அக்கா, நான் தெரிஞ்சு செய்யல. அது நீங்கன்னே எனக்குத் தெரியாது. பாதையில கிடக்குன்னு..."

"தெரியும் தம்பி. அதான் நீங்களே வாய்விட்டுச் சொல்றீங்களே." அவர் தலைத்துண்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எதுக்குத் தூக்கினீங்கன்னு எனக்கென்ன? அதுவரைக்கும் நான் முதுகுதான் பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க தூக்கிட்டுப் போய் அவ பக்கத்துல வச்சீங்க. அவளை அனுப்பற வரைக்கும் அங்கதான் இருந்தேன்."

படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பதின்மூன்று வயதுக் கயல் வந்து நாற்காலிக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். தலையை அதன் மேல் சாய்த்தாள். திரை முழுவதும் அவள் வகிடு. அழுகையில் தலை குலுங்கும்போது படமும் குலுங்கியது. சுகந்தி கேட்டது இந்த இடத்தைத்தான். நான் பார்த்த அளவு போதும் என்று கயல் நினைத்திருக்க வேண்டும், திரையை என் பக்கத்திலிருந்து கொஞ்சம் திருப்பிக்கொண்டாள்.

எல்லாம் முடிந்த பிறகு சொன்னாள். "இது வேண்டாம்பா. இது எனக்கும் பெரியம்மாவுக்கும்."

"சரி. சுகந்தி ஆன்ட்டிகிட்ட சொல்லிடறேன்."

"அதுக்கு முன்னாடி இருக்கே, சேர் தூக்கறது. அதைக் காட்டலாம். உங்களுக்கு ஓகேன்னா."

அனுமதி கேட்கப் போனவன் நான். இப்போது அவள் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். மனைவி கிடக்கும்போது நடைபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என்று ஒரு மண்டபமே பேசுமே என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. "யோசிச்சுட்டுச் சொல்றேன்" என்றேன்.

"நீங்க எப்பவும் அப்படித்தான் சொல்வீங்க. அப்புறம் சொல்லவே மாட்டீங்க."

போனில் அக்கா இருமினார். இருமல் இல்லை அது.

"காட்டட்டும்" என்றேன்.

"உங்க ஃபேஸ் வர்ற இடத்தை நான் கட் பண்ணிடறேன். வாய்ஸும். தூக்கறதுல இருந்து போதும். அதுவும் நம்மளோடதுதான்" என்றாள் கயல்.

6

வழக்கத்தைவிடக் கூட்டம். சேகர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே எல்லோருக்கும் தகவல் அனுப்பியிருந்தார். கயல் மேடைக்குக் கீழே ஒரு மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். நான் எப்போதும்போல் கதவருகில் நின்றேன். பிந்தி வருகிறவர்களை உட்கார வைக்க ஓர் ஆள் வேண்டும்.

சுகந்தி நன்றாகச் சிவந்த சேலை கட்டி வந்திருந்தார். "நான் செத்தவீட்டுக்காரி. சிவப்பு உடுத்தா ஆர் என்ன கேக்கிறது?" என்று தொடங்கினார். சிரிப்பு எழுந்து அடங்கியது. பிறகு தன் வேலையைச் சொன்னார்.

"வர ஏலாத ஆளிட்ட நான் ஒரு கேள்விதான் கேக்கிறனான். வந்திருந்தால் எங்க நிண்டிருப்பியள்? சொல்லுற இடத்தில கமராவ வைக்கிறன். பிறகு அசைக்கிறேல்ல. ஒரு பிள்ளை சொல்லிச்சு, அம்மாவுக்குப் பின்னால சீலைத் தலைப்பப் பிடிச்சுக்கொண்டு நிண்டிருப்பன் எண்டு. நான் அந்தம்மாவுக்குப் பின்னாலயே திரிஞ்சன். இன்னொருத்தர், தமையனோட பதினைஞ்சு வருசம் கதை பேச்சு இல்லை. கேட்டன். உள்ளுக்கு வந்திருக்கமாட்டன், வாசல் கேற்றடியில நிண்டிருப்பன் எண்டார். கேற்றடியில வைச்சன். ஒரு மணித்தியாலம் அந்தாள் மூடின கதவைத்தான் பாத்துக்கொண்டு இருந்தவர். முடிய எனக்கு போன் எடுத்து, இதுதான் தங்கச்சி, இதுதான் எண்டு அழுதார்."

சேகர் கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்திருந்தார்.

"இப்ப ஒரு சின்னத் துண்டு காட்டுறன். இது என்ர வேலையில நான் பிழை விட்ட இடம்" என்றார் சுகந்தி.

கயல் ஒரு விசையைத் தட்டினாள். முதுகுகள், புடவை மடிப்பு. திரை மேலே எழும்பியது. சட்டைப் பொத்தான், மூச்சு, ஆடும் கூடம். நாற்காலி தரையில் இறங்கியது. ஒரு கை அதை நேராகத் திருப்பியது. மாலதியின் முகம் தெரியும் முன் படம் நின்றது. அந்த இடத்தில் வெட்டப் போவதாகக் கயல் எனக்கு முன்பே சொல்லவில்லை.

பிறகு பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார்.

"ஒரே ஒரு டவுட்டுங்க. கமெராவை அசைக்க மாட்டேன்னு சொன்னீங்க. இது அசையுதே. பக்கத்துல கொண்டுபோய் வச்சது நீங்களா? முன்னாடியே பிளான் பண்ணினதா?"

"நானில்லை. அந்த அக்கா ஓரமாப் போதும் எண்டா. நானும் அப்பிடியே ஓரமா வைச்சிட்டன். சொந்தத் தங்கச்சியின்ர செத்தவீட்டில ஆரும் ஓரமா இருக்கிறதே? ஆள் சொன்ன இடம் வேற, ஆளுக்கு வேண்டின இடம் வேற. அது எனக்கு விளங்கேல்ல. அண்டைக்கு வேறொரு ஆள் வந்து தூக்கி வைச்சார். நான் தடுக்கப் போயிட்டு, பேசாம விட்டுட்டன்."

"யாருங்க அது?" என்று சேகர் கேட்டார்.

சுகந்தி பதில் சொல்லவில்லை. என் பக்கமும் பார்க்கவில்லை. அந்த மனிதர் எதற்காகத் தூக்கினார் என்பதை அவரும் அறிவார்.

மேசையிலிருந்து கயல் மைக் இல்லாமல் சொன்னாள். "எங்கப்பா."

தலைகள் கதவுப் பக்கம் திரும்பின. ஏதாவது விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். கண்ணீர் கண்ணை மறைத்தது.

கயல் தன் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள். நான் கதவை விட்டுவிட்டுப் போய் அதில் உட்கார்ந்தேன்.